காலை ஒன்பது பத்துக்கு நின்றுபோகும் லேசர்

அன்பும் மரியாதையும் நிறைந்த இர்ம்கார்ட் அக்காவுக்கு,

கோட்டிங்கனிலிருந்து தம்பி டெட்லெஃப் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் வேலை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி.

நான் பராமரிக்கும் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில் வீப்கெ என்றொரு பெண், லேசர் ஒளியை இமைப்பொழுதில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத துடிப்புகளாக்கி மீன்குஞ்சின் மூளைக்குள் பாய்ச்சுகிறாள். சாதாரண லேசரில் இவ்வளவு ஆழம் பார்ப்பதற்குள் குஞ்சு வாடிவிடுமாம். இதில் உயிரோடு இருக்கும்போதே நரம்பெல்லாம் பச்சையாக மின்னுமாம். அந்தப் படத்தை வெள்ளிக்கிழமை நிபுணர் குழுவிடம் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள். ஆனால் மூன்று வாரமாகத் தினமும் காலை ஒன்பது பத்துக்குத் துடிப்பு நின்று லேசர் வெறும் விளக்குபோல் எரிய, படம் இருண்டுவிடும்; திரும்பச் சரிசெய்வதற்குள் பொழுதே போய்விடும். "இந்தக் கட்டடம் உங்களுக்குத்தான் அத்துப்படி, கண்டுபிடிச்சுக் குடுங்க ஐயா" என்று அவள் அழாத குறையாகக் கேட்டதும் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ அதிர்வுதான் காரணம் என்று லிஃப்டை நிறுத்தினேன், பேராசிரியர் மூச்சிரைக்க நாலு மாடி ஏறினார். பக்கத்து அறைக்காரனின் பம்பைப் பிடுங்கினேன், அவன் இன்றுவரை முகம் கொடுப்பதில்லை. தெருவில் போகும் பேருந்தின் மேல் நகராட்சிக்குப் புகாரே எழுதினேன். புதன்கிழமை பல் பிடுங்கப் போய் மதியம்தான் வந்தேன். வாசலிலேயே குதித்தாள்: "இன்னைக்கு நிக்கவே இல்ல!" பிறகு சிரிப்பு மெல்ல அடங்க, "ஆமா, தினமும் ஒம்பது பத்துக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

என்ன செய்வேன்? நம் ஜெர்மனியில் குளிர்காலத்திலும் வீட்டுக்கு வீடு செய்வதைத்தான். மாடி மாடியாகப் போய் ஜன்னல்களை விரியத் திறந்து பத்து நிமிடம் காற்று மாற்றுவேன். அவள் காபிக்குப் போகும் நேரம் என்பதால் அவள் அறையையும் விட்டதில்லை. நவம்பர் குளிர் பட்டு லேசருக்குள் இருக்கும் கண்ணாடிகள் துளி நகர்ந்தாலும் துடிப்பு போச்சாம்.

"நான்தாம்மா" என்றேன். காது சுட்டது.

"அடப்பாவி மனுஷா! மூணு வாரமா பஸ்ஸைத் திட்டிட்டிருந்தேனே!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மறுநாளே எல்லா ஜன்னலையும் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மூடிய அறையில் எட்டு நிபுணர்கள் நெருக்கியடித்து நிற்க, நரம்பு நரம்பாகப் பச்சை மின்னியது. குஞ்சும் பிழைத்தது. நான் அழுதேன் அக்கா, உன்னிடம் மறைப்பானேன்.

அத்தானுக்கு என் வணக்கம். குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு, நூறு வயது நன்றாக இரு.

உன் தம்பி,
டெட்லெஃப்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வீப்கெ குழுவின் முடிவோடு வந்தாள். இன்னும் மூன்று வருடம் ஆராய்ச்சி நடக்கலாம். ஒரே நிபந்தனை: அறைப் புழுக்கத்தில் குழுத் தலைவருக்குத் தலை சுற்றியதால், தினமும் இருவேளை ஜன்னல்களைத் திறந்து காற்று மாற்ற வேண்டும். பொறுப்பாளர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.