தெருவைப் பிடித்த வாளிகள்

சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். குவாதலூப்பே மாதா மேல் ஆணை, செத்துப்போன என் மாமியார் மேல் ஆணை, இன்னும் சாகாத என் கடைசிக் கடைவாய்ப்பல் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யானால் இந்தக் கோடை முழுக்க என் வீட்டுக் குழாயில் வெறும் காற்று வரட்டும். இப்போதும் காற்றுதான் வருகிறது. அதனால் என்ன, சத்தியம் சத்தியம்தான்.

மெக்சிகோ நகரத்தில், சாந்தா பிரிகிதா வட்டாரத்தில், எங்கள் தெருமுனையில் தெஞ்சா என்றொரு பெண் கார் கழுவிப் பிழைத்துவந்தாள். ஒரு பழைய பெயிண்ட் வாளி, ஒரு துணி, ஒரு வாய். மூன்றில் வாய்க்குத்தான் வேலை அதிகம். அவளுக்கு முன்னால் அவள் அம்மா அதே முனையில் கழுவினாள். அந்த முனையை விட்டால் தெஞ்சாவுக்குச் சொத்து சுகம் ஏதும் கிடையாது. முனை போனால் அவள் பிழைப்பும் போச்சு.

எங்கள் வட்டார நிர்வாகத்துக்குத் தலைவராக லிசென்சியாதோ அன்செல்மோ பர்ரகான் வந்து சேர்ந்தார். டை கட்டிய யாரையும் நாங்கள் லிசென்சியாதோ என்றுதான் அழைப்போம். என்ன படித்தார் என்று கேட்பது மரியாதையில்லை. அவரிடம் ஒரு புத்தம்புதுக் கறுப்புக் கார் இருந்தது. ஒருநாள் காலை வெயிலில் அதன் முன்மூடியைக் குனிந்து பார்த்தார். சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். ஞாயிறுதோறும் அந்தக் காரைக் கழுவியது அவருடைய மைத்துனன். மைத்துனன் மேல் நடவடிக்கை எடுக்க எந்த அதிகாரியாலும் முடியாது. ஆகவே வட்டாரத்தின் மேல் எடுத்தார்.

இவ்வாறாக, வாளி மற்றும் வண்டல் ஒழுங்குத் துறை உதயமாயிற்று. கம்பத்துக்குக் கம்பம் அறிவிப்பு ஒட்டினார்கள். பொதுநலன் கருதி, இனித் தெருவில் கார் கழுவுகிற எவரும் இரண்டு வாளி வைத்திருக்கக் கடவர். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணி அலசும் தண்ணீர். இரண்டின் உள்ளேயும் அடியில் சல்லடைத் தட்டு ஒன்று உட்கார வேண்டும். துணியை அந்தத் தட்டில் தேய்த்தால் மண் ஓட்டைவழியே கீழே இறங்கி அங்கேயே அடங்கிக் கிடக்கும். திரும்பத் துணியில் ஏறி வண்டியைக் கீறாது.

யோசனை நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. அழுக்கையெல்லாம் அடியில் அமுக்கிவிட்டு மேலே தெளிவாகத் தெரிவது என்றால் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குக் கசக்குமா?

எங்களுக்கும் கசக்கவில்லை. தட்டு ஒரு மோஸ்தராகிவிட்டது. பல் வைத்தியர் காண்டிடோ கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற வாளி ஒன்றை வாங்கி, சிவப்புத் தட்டோடு வரவேற்பறையில் வைத்தார். விருந்தாளிகள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "உங்க தட்டுல ஓட்டை வட்டமா, சதுரமா?" என்று கேட்காமல் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. வட்ட ஓட்டைக்காரர் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குச் சதுர ஓட்டைக்காரர்கள் வரவில்லை. வந்த ஒருவரும் சாப்பிடவில்லை.

தெஞ்சாவும் எப்படியோ இரண்டு வாளி, இரண்டு தட்டு தேற்றினாள். லிசென்சியாதோ நேரில் வந்து சோதித்தார்.

"என்னம்மா தெஞ்சா, தட்டுக்கு அடியில மண்ணே இல்லையே?"

"நீங்க வர்றீங்கன்னு இப்பதான் பளிச்சுனு கழுவி வெச்சேனுங்க."

"மண்ணு இல்லைன்னா தட்டு மண்ணைப் பிடிக்கலைன்னு அர்த்தம். தேறலை."

அடுத்த தடவை அடியில் மண்ணோடு காட்டினாள். லிசென்சியாதோ மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீச்சீ, வாளி இவ்வளவு அழுக்கா இருக்கே!"

"அது தட்டு பிடிச்ச மண்ணுங்க."

"அழுக்கு வாளியில கார் கழுவறதா? தேறலை."

"சாமி, முடிவாச் சொல்லுங்க. மண்ணு இருக்கணுமா, இருக்கக் கூடாதா?"

"கட்டாயம் இருக்கணும். ஆனா சுத்தமா இருக்கணும்."

"சுத்தமான மண்ணுக்கு நான் எங்க போறது? சொர்க்கத்துக்கா?"

"எங்க ஆபீசுக்கு வா. நாங்களே சலிச்சுப் பொட்டலம் கட்டித் தர்றோம். இதோ பாரு, கடைசிச் சோதனையிலயும் தேறலைன்னா முனையைக் காலி பண்ணிடணும். முனை அரசாங்கத்துக்குச் சொந்தம்."

தெஞ்சா முத்திரையிட்ட பொட்டலத்தில் மண் வாங்கிவந்து வாளியில் போட்டாள். மண் வாங்க அப்படி ஒரு வரிசை நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோருடைய செருப்பிலும் மண் இருந்தது.

இதற்குள் துறைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கழுவுகிறவர்கள் ஒரே ஜோடி வாளியை முனைக்கு முனை கைமாற்றிக் காட்டிவிட்டால்? உடனே கூடுதல் ஆணை பிறந்தது. மேற்படி வாளிகள் மேற்படி தெருவோரத்திலேயே நிற்க வேண்டும். கடைசிச் சோதனை முடியும்வரை எவரும் அவற்றை நகர்த்தக் கூடாது.

ஆணை எழுதியவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். தெருவோரத்தில் வாளி நின்றால் அந்த இடம் வண்டி நிறுத்த யாரோ பிடித்துவைத்த இடம் என்பது அவருக்குத் தெரியாதா? சிவப்பு விளக்குக்கு நிற்காதவன் வாளிக்கு ஒதுங்கிப் போவான். ஆம்புலன்சுக்கு வழிவிடாதவன் வாளிக்கு விடுவான். யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. வைத்தவர் செத்துப்போயிருந்தாலும் அவர் வாளி தெருவில் உயிரோடு இருக்கும்.

அதனால் தெஞ்சாவின் முனையில் எந்தக் காரும் நிற்கவில்லை. மற்ற முனைகளிலும் அதே கதை. பார்த்தார் காண்டிடோ. "நானும் என் காரை நானே கழுவுகிறவன்தான்" என்று அறிவித்து, வரவேற்பறை வாளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். சோப்புக்கு ஒன்று, அலசலுக்கு ஒன்று, சக்கரத்துக்கு என்று இன்னொன்று. அந்த வாரத்துக்குள் தெருவின் இரண்டு ஓரமும் வாளியால் நிறைந்துவிட்டது. ஊரில் இடம் தேடி இடம் தேடிப் பாதி ஆயுளைத் தொலைத்த நாங்கள், வேலை முடிந்து வந்து வாளியை எடுத்துவிட்டு வண்டியை விட்டோம். காலையில் வண்டியை எடுத்துவிட்டு வாளியை வைத்தோம். சொர்க்கம் என்றால் அதுதான்.

தண்ணீர் லாரி வந்தது. நிற்க இடம் இல்லாமல் தண்ணீரோடு திரும்பிப் போயிற்று. ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூவைக் கொட்டுகிற காலம். கார்களெல்லாம் பூவும் புழுதியும் அப்பிக்கொண்டு ஓடின. தெஞ்சாவின் வாளியில் தண்ணீர் இல்லை, முன்னால் கார் இல்லை. தட்டுக்கு அடியில் மட்டும் அரசாங்க மண் பத்திரமாக இருந்தது.

கடைசிச் சோதனைக்கு லிசென்சியாதோ தன் காரிலேயே வந்தார். அது கறுப்புக் கார் என்று நான் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். அவருக்கும் நிற்க இடம் இல்லை. பின்னால் வந்த வண்டிகள் கத்தின. ஜன்னலை இறக்கிவிட்டுக் கத்தினார்:

"தெஞ்சா, அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்தும்மா!"

அவள் வாயைத் திறப்பதற்குள் கார் கடந்துவிட்டது. தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார்.

"சோதனை முடியாம நகர்த்தக் கூடாதுன்னு நீங்கதானே போட்டீங்க!"

அடுத்த சுற்று.

"அந்தச் சோதனைக்குத்தான் வந்திருக்கேன்!"

"அப்போ இறங்கிச் சோதிங்க!"

அடுத்த சுற்று.

"இறங்க இடம் வேணாமா?"

"சோதிச்சு முடிங்க, இடம் தர்றேன்!"

ஒரு சுற்று முழுக்க யோசித்தபடி போனார். முகத்திலேயே தெரிந்தது.

"சரி, பக்கத்து வாளியை எடு!"

"அடுத்தவங்க வாளியில கை வெக்கறதா? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கலை!"

மாடிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மூன்று சக்கர வண்டியில் தமாலே என்கிற சோளக் கொழுக்கட்டை விற்கிறவர், கூடவே மிதித்துக்கொண்டு போய் ஜன்னல்வழியாகச் சூடாக ஒன்றை நீட்டினார். லிசென்சியாதோ ஒரு கையால் ஓட்டி ஒரு கையால் சாப்பிட்டார். வெயில் சாய்ந்தது. கார் திணற ஆரம்பித்தபோது, பெட்ரோல் முள்ளைப் பார்த்துவிட்டு அலறினார்:

"ஆணை ரத்து! எல்லா வாளியையும் எடுங்க!"

தெஞ்சா ஒரே தாவலில் தன் வாளிகளைத் தூக்கினாள். கார் உருண்டுவந்து அவள் முனையில் நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கு ஒரு கார்! துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "வாங்க, லிசென்சியாதோ. பூவெல்லாம் தட்டி மணப்பொண்ணு மாதிரி ஆக்கித் தர்றேன்."

அதற்குள் மாடிகளில் இருந்தவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். கைதட்டிய அதே கைகள் இப்போது இடுப்பில் இருந்தன. காண்டிடோ முன்னால் நின்றார்.

"ரத்தா? யாரைக் கேட்டு ரத்து? அப்போ வண்டல் ஒழுங்கு என்ன ஆகறது?"

"டாக்டர், நீங்க காரைக் கழுவி நான் ஒருநாளும் பார்த்ததில்லையே" என்றாள் தெஞ்சா.

"கழுவறது வேற, கொள்கை வேற!"

"ஆமா! கொள்கை வேற!" என்றது கூட்டம். வட்ட ஓட்டையும் சதுர ஓட்டையும் முதல்முறையாகத் தோளோடு தோள் நின்றன.

லிசென்சியாதோ கூட்டத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார். தேர்தல் தூரத்தில் இல்லை. தமாலே ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு பேசினார். மக்களின் உணர்வுக்குத் தலைவணங்கி, ரத்து செய்யப்படுகிறது. அதாவது, ரத்துதான் ரத்து செய்யப்படுகிறது. வாளிகள் என்றென்றும் நிற்கும்.

ஆரவாரம் அடங்க நேரமாயிற்று. யாரோ கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு அவர் கிளம்பினார். கிளம்புமுன் பின்பெட்டியைத் திறந்து, தன் சொந்த வாளியை எடுத்து, கார் நின்ற இடத்தில் தெஞ்சாவின் முனையில் வைத்தார்.

"இது நல்ல இடம். நாளைக்கும் வருவேன்."

தெஞ்சா எங்களைப் பார்த்தாள். "யாராவது அதை எடுங்களேன்" என்றாள்.

நாங்கள் வாளியைப் பார்த்தோம். பிறகு மரியாதையாக ஒதுங்கி, அவரவர் வீட்டுக்குப் போனோம்.

இப்போது தெஞ்சா வீடு வீடாக வந்து எங்கள் வாளிகளைக் கழுவிக் கொடுக்கிறாள். ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில். கீறல் விழுகிறதுதான். விழட்டும், வாளிதானே.

போய் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். எனக்குக் கார் கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் என் வாசலில் இரண்டு வாளி நிற்கிறது. இந்தத் தெருவிலேயே அதுதான் நல்ல நிழலான இடம்.