வாசலைப் பார்த்த மைக்

விளையாட்டு விழா அன்று காலை எட்டேகாலுக்குத் தமிழாசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒன்பது மணிக்கு மைக்கில் பேச ஆள் வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் செல்வமணி மைதானத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். கணக்கு வாத்தியாருக்கு மைக்கைக் கண்டாலே வியர்க்கும். அறிவியல் டீச்சர் பேசினால் அவருக்கே கேட்காது.

அப்போதுதான் பந்தல்காலில் சாய்ந்து நின்ற பூதத்தான் கண்ணில் பட்டார். தாலுகா கோர்ட்டில் டவாலி. வழக்குக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இருபத்தெட்டு வருடமாக அவர் உத்தியோகம். அவர் ஒரு குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிறவர்கள் கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். சனிக்கிழமை லீவு. ஆறாம் வகுப்பு மகள் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு மூணு மணி நேரம். பேரை மட்டும் கூப்பிட்டாப் போதும்."

"அதைத்தானே சார் தினமும் செய்யுதேன்" என்றார் பூதத்தான்.

செல்வமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பதினேழு போட்டிகளையும் பன்னிரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். பள்ளித் தாளாளர் அருணாசலம் முந்தின நாளே கூப்பிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தார். "பன்னெண்டு அடிச்ச பெறவு மைதானத்துல ஒரு சத்தம் கேக்கப்பிடாது. கேட்டுதுன்னா அடுத்த வருசம் விழாவும் கிடையாது, மைதானமும் கிடையாது. பொருட்காட்சிக்காரன் எடத்தைக் கேட்டு நிக்கான்வே."

கருவேல முள்ளாகக் கிடந்த அந்த இடத்தைப் பையன்களோடு சேர்ந்து நாலு வருடம் வெட்டித் திருத்தியவர் செல்வமணி. அதுவும் போய்விட்டால் தனக்கு அந்தப் பள்ளியில் என்ன வேலை என்று அவருக்கே தெரியவில்லை.

பூதத்தான் மேடையேறினார். முதல் காரியமாக மைக்கைத் தூக்கி, ஓடுபாதைக்கு முதுகைக் காட்டி, ரோட்டோரக் கேட்டைப் பார்த்து வைத்தார்.

"அண்ணாச்சி, பிள்ளையள் இந்தப் பக்கம்லா ஓடுதாவ."

"கோர்ட்டுல வாசலைப் பாத்துத்தான் சார் கூப்பிடுவோம். திரும்பி நின்னா எனக்குக் குரல் வராது."

குரல் வந்தால் சரி என்று செல்வமணி விட்டுவிட்டார்.

"நூறு மீட்டர் ஓட்டம். சிவந்திபுரம் இசக்கிராஜா... சிவந்திபுரம் இசக்கிராஜா... சிவந்திபுரம் இசக்கிராஜா. எதிர், டாணா அஜின்... டாணா அஜின்..."

இசக்கிராஜா ஏற்கெனவே கோட்டில் கையூன்றித் தயாராக இருந்தான். அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து கைகட்டி நின்றுவிட்டான். எட்டுப் பேரையும் ஊரோடு சேர்த்து மும்மூன்று தடவை கூப்பிட்டு முடிக்க ஒன்பது நிமிடம் ஆனது. அவர்கள் ஓடி முடிக்கப் பதினாலு விநாடி.

கோர்ட் வாசலில் சுக்குக் காப்பி விற்கும் ஜுபைதா பீவி அன்று கேனோடு மைதானத்துக்கு வந்திருந்தார். செல்வமணி அவரிடம் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு புலம்பினார்.

"அவரு அப்படித்தான் சார்" என்று சிரித்தார் ஜுபைதா பீவி.

செல்வமணி மேடைக்கு ஓடினார். "அண்ணாச்சி, ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்."

"மூணு தடவை கூப்பிடாம ஒருத்தரை வரலைன்னு எழுதினா அது செல்லாது சார்."

"இது கோர்ட்டு இல்ல அண்ணாச்சி."

"பேரு பேருதானே சார்."

செல்வமணி கையெடுத்துக் கும்பிட்டார். பூதத்தான் மனசே இல்லாமல் ஒப்புக்கொண்டு, சாக்கு ஓட்டத்துக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். ஓட்டம் மளமளவென்று முடிந்தது. மூன்று பையன்கள் கழுத்தில் பதக்கமும் ஏறிவிட்டது. அதன் பிறகு ஓர் அம்மா ஒரு கையில் மகனையும் மறுகையில் சாக்கையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"மத்த பிள்ளையளை மூணு மூணு தடவை கூப்பிட்டிய. எம் பிள்ளையை மட்டும் ஒரு தடவையா? அவன் ஒண்ணுக்குப் போயிருந்தாம்லா."

"நியாயமான ஆட்சேபணை" என்று பூதத்தான் மைக்கிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் கைதட்டியது. போட்ட பதக்கத்தைக் கழற்றி, சாக்கு ஓட்டத்தை முதலிலிருந்து நடத்த வேண்டியதாயிற்று. பதக்கம் பறிபோன ஒருவன் அழுதுகொண்டே ஓடி மறுபடியும் முதலில் வந்தான். மணி பத்தே முக்கால்.

பொறுத்தது போதும் என்று செல்வமணி மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார். பேர்களைப் படபடவென்று வாசித்தார். கோட்டுக்கு ஒரு குஞ்சு குருமான் வரவில்லை.

"டவாலி மாமா கூப்பிட்டாத்தான் வருவோம்" என்றது ஒரு நாலாம் வகுப்பு.

மைக் மறுபடியும் கைமாறியது. அன்று செல்வமணி ஓடிய ஓட்டத்துக்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுக்கலாம். கோட்டுக்கும் மேடைக்குமாக அலைந்து, பதினொன்று நாற்பதுக்குள் பதினாறு போட்டிகளை முடித்துவிட்டார். பாக்கி ஒன்றே ஒன்று, பெண்களுக்கான எண்ணூறு மீட்டர். அதில் முதலில் வருகிறவள் மாவட்டப் போட்டிக்குப் போவாள்.

ஓடுபாதையைப் பார்த்தால் கோட்டைக் காணோம். இரண்டு தடவை குதித்த சாக்குகள் துடைத்தது போக மிச்சமிருந்த சுண்ணாம்பையும் அதற்குப் பிறகு ஓடிய கால்கள் அழித்துவிட்டிருந்தன.

"கோடு போட அஞ்சு நிமிசம் ஆவும். கூட்டம் கலையாம ஏதாவது சொல்லிக்கிட்டிருங்க அண்ணாச்சி."

சொல்லியிருக்கக் கூடாது. பூதத்தான் தொண்டையைச் செருமினார்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரு. வரப்புல ஒரு பலாமரம். வேரு அண்ணன் பக்கம், காய் தொங்குதது தம்பி பக்கம். கேசு பதினோரு வருசம் நடந்துச்சு..."

கிளம்பத் தயாரான பெற்றோர்கள் பையைக் கீழே வைத்தார்கள். கதையில் அண்ணன் ஒரு வக்கீல் வைத்தான், தம்பி அவரைவிடப் பெரிய வக்கீல் வைத்தான். இரண்டு வீட்டிலும் சம்பந்தம் முறிந்தது. கையில் கடிகாரத்தோடு மைதானத்துக்குள் நுழைந்த அருணாசலம் நின்று கேட்டார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசியில, மரத்தை நேர்ல பாக்கேன்னு ஜட்ஜய்யாவே கெளம்பிட்டாவ. வரப்புல ஏறிப் பாத்தா மரத்தைக் காணோம்."

"கோடு ரெடி" என்று கத்தினார் செல்வமணி. "பேரைக் கூப்பிடுங்க."

பூதத்தான் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பட்டியலை எடுத்தார். ஏழு பெண்கள் வந்து நின்றார்கள். எட்டாவது பேர் பாக்கி.

"காரையாறு தங்கத்தாய்... காரையாறு தங்கத்தாய்..."

பள்ளியிலேயே ஓடப் பிறந்த கால் தங்கத்தாயுடையதுதான். அவளை மாவட்டப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று செல்வமணி இரண்டு வருடமாகக் கனவு கண்டவர். ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பத்து நாளாக அவள் மலையை விட்டு இறங்கவில்லை. அவர் ஆசையை விட்டிருந்தார்.

"அவ வரமாட்டா அண்ணாச்சி. பேரை அடிச்சிருங்க."

அதற்குள் கூட்டத்தில் ஒருவர், "மரம் எங்க போச்சு?" என்றார். பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். பெற்றோர் பாதிப் பேர் மேடையை நெருங்கி ஓடுபாதையிலேயே நின்றார்கள்.

"கேக்காவளே சார்" என்றார் பூதத்தான்.

"அதைச் சொல்லித் தொலையுங்க, சீக்கிரம்."

பூதத்தான் சொன்னார். ஜட்ஜய்யா அண்ணனைக் கேட்டார், அண்ணன் தம்பியைக் காட்டினான். தம்பி தலையாரியைக் காட்டினான். தலையாரி ஆட்டைக் காட்டினான். மணி பன்னிரண்டு ஆனதை அருணாசலத்தைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள். செல்வமணி கோட்டில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். மைதானம் போய்விட்டது.

பன்னிரண்டு ஏழுக்கு ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"பெறவென்ன, வக்கீலுமாருக்குக் கொடுக்க வழியில்லாம ரெண்டு பேருமாச் சேந்து மரத்தை வெட்டி, ஆளுக்கு ஒரு வக்கீல் வீட்டுக்குக் கதவு செஞ்சு கொடுத்துட்டாவ" என்று ஒரே மூச்சில் முடித்தார் பூதத்தான். சிரிப்பு அடங்குவதற்குள் முழுக்குரலையும் எடுத்து, "காரையாறு தங்கத்தாய்" என்றார்.

"வந்துட்டேன்."

கேட்டைத் தாண்டி ஒரு பெண் ஓடிவந்தாள். புத்தகப் பையை ஜுபைதா பீவி கையில் திணித்துவிட்டு, செருப்பை உதறிவிட்டு, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கோட்டில் போய் நின்றாள்.

செல்வமணி விசில் ஊதினார். அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்வது. முதல் சுற்றில் நாலாவதாக வந்தாள், இரண்டாவது சுற்றின் பாதியில் அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கடைசி நூறு மீட்டரில் மைதானமே எழுந்து நின்றது. செல்வமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

பிறகுதான் தாளாளர் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"மணி பன்னெண்டே கால் ஆயிட்டு சார்."

"ஆவட்டும்வே. பொருட்காட்சிக்காரனை வேற எடம் பாக்கச் சொல்லிருதேன்" என்றார் அருணாசலம். "அடுத்த வருசமும் மைக்குக்கு இவரையே போடும். எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரு புளியமரக் கேசு நடக்கு. எதுக்கும் இன்னைக்கு சாயந்தரம் அண்ணனைப் போயிப் பாத்துட்டு வாறேன்."

பூதத்தான் அதற்குள் மைக் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, மகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். செல்வமணி அவரைத் தூரத்திலிருந்து பார்த்தபடி ஜுபைதா பீவியிடம் ஒரு டம்ளர் வாங்கினார்.

"அந்த மனுசருக்கு இந்தப் பிள்ளையைத் தெரியவே தெரியாது. அவரு பாட்டுக்குக் கதையை வளத்தாரு, அந்நேரம் பாத்து பஸ் வந்து நிக்கி. என்ன அதிர்ஷ்டம் பாத்தியளா?"

ஜுபைதா பீவி டம்ளரை நிரப்பிக்கொண்டே சொன்னார்: "இருபத்தெட்டு வருசத்துல மலையிலேருந்து கேசுக்கு வார ஒருத்தரையும், காரையாறு பஸ் வந்து நிக்காம அவரு மூணாவது தடவை கூப்பிட்டது கிடையாது சார்."