கோடு போட்ட சட்டை யாருடையது?

சட்டை மார்புக்குக் கீழே இறங்க மறுத்தது. சீருடை சார் மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை எக்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். தொப்புளுக்கு மேலே வந்து அது பிடிவாதமாக நின்றுவிட்டது.

சட்டை இறங்காததுகூடப் பெரிய விஷயமில்லை. அது அவருடைய சட்டையே இல்லை. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட, தலை வழியாக மாட்டுகிற, கூடைப்பந்து நடுவர் சட்டை. அவருடையவை இரண்டும் வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. இது மூன்றாவது. அலமாரியில் மனைவியின் துணிகளுக்கு அடியில், இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஒளிந்திருந்தது. அவருடைய சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

இந்த அளவுச் சட்டை போடக்கூடிய நடுவர் அவருக்குத் தெரிந்து ஒருவன்தான். ஒல்லி.

சிறுவர் கூடைப்பந்து ஆட்டங்களில் அவருக்கு 'சீருடை சார்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. பனியன் வெளியே தொங்கினால் பிள்ளை வெளியே. கையில் ஒரு கயிறு இருந்தால் வெளியே. வெள்ளைச் சீருடைக்குள் வேறு நிறத்தில் உள்சட்டை எட்டிப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். அதனால் அவர் விசிலை வாயில் வைத்ததுமே பெற்றோர் கூச்சல் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

கூட வருகிற ஒல்லியிடம் யாரும் கத்துவதில்லை. அவன் தப்பாக ஊதினாலும், "பாவம், சின்னப் பையன்" என்பார்கள். புது நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையைச் சங்கம் அவனுக்குக் கொடுத்தபோதே சீருடை சாருக்கு வயிறு எரிந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே அவன் சட்டை! எரிச்சல் வயிற்றிலிருந்து தலைக்கு ஏறியது.

யோசிக்க யோசிக்க எல்லாம் சேர்ந்து வந்தது. மனைவி எல்லா ஆட்டத்துக்கும் வருவாள், மேல் வரிசையில் உட்காருவாள், வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிப்பாள்.

"அது எப்படிங்க ஃபவுல்? அந்தப் பொண்ணு நகரவே இல்லையே. தம்பி விட்டாரே, அதுதான் சரி."

ஒல்லி அவளுக்குத் தம்பியாம் தம்பி! ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உனக்குக் குக்கர் விசில் போதும், இந்த விசில் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் ஜெயித்துவிட்டதாக நினைத்தார். ஆனால் அதற்கப்புறம்தான் சாயங்காலத்தில் 'நடந்துட்டு வரேன்' என்று கிளம்ப ஆரம்பித்தாள். வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருவாள். முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு. நடந்துவிட்டு வருகிறவர்கள் யாராவது அவ்வளவு சந்தோஷமாக இருப்பார்களா?

நேற்று சமையலறையில் போனில் கிசுகிசுத்ததையும் அவர் கேட்டிருந்தார். "இல்ல தம்பி, அவருக்கு எதுவும் தெரியாது. நாளைக்கு வரைக்கும் மூச்சு விடாதீங்க. எனக்கே படபடன்னு இருக்கு."

அந்த நாளை இன்றைக்குத்தான். சாட்சிப் பொருள் கையில் இருக்கும்போது சண்டை எதற்கு? இதே சட்டையைப் போட்டுக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றால், திருட்டு முழி தானாக வெளியே வரும். மேலே ஒரு பெரிய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில் கிளம்பிவிட்டார்.

உள்விளையாட்டு அரங்கில் ஜாக்கெட்டைக் கழற்றியதும் ஒல்லியின் முகம் வெளுத்தது.

"அண்ணே! இந்தச் சட்டையை எதுக்கு நீங்க போட்டீங்க?"

"ஏன், போடக் கூடாதா? யார் சட்டை இது?"

"அது வந்து... நான் சொல்ல முடியாதுண்ணே. அண்ணிக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

அண்ணிக்கு வாக்கு! சீருடை சாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் ஆட்டம் தொடங்கும் மணி அடித்தது.

முதல் தவறுக்கு விசில் ஊதிவிட்டுக் கையை உயர்த்தினார். கை காதுக்கு மேல் போகவில்லை. சட்டை அக்குளில் பிடித்துக்கொண்டது. நியாயப்படி நேராக நிற்க வேண்டிய கை, வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி பாதியில் தயங்கி நின்றது. பார்வையாளர் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சிரிப்பை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கண்டிப்பு. வெள்ளை அணிச் சிறுமி ஒருத்தியை நிறுத்தினார்.

"உள்ள கறுப்பு பனியன். மாத்திட்டு வா."

"சார், உங்களுக்கு வயிறு தெரியுது சார்" என்றாள் அவள், நல்லெண்ணத்தோடுதான்.

அவ்வளவுதான், மேலேயிருந்து அவளுடைய அப்பா எழுந்துவிட்டார். "யோவ், குழந்தை பனியனைப் பாக்கறதுக்கு முன்னாடி உன் தொப்பையை உள்ள தள்ளுய்யா! சட்டை உள்ள இருக்கணும்னு விதி உனக்குக் கிடையாதா?"

கூட்டம் கை தட்டியது. பார்வையாளரோடு நடுவர் நேரடியாக வாய்ச்சண்டைக்குப் போகக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, ஆட்டப் பொறுப்பாளரிடம் ஆளைக் காட்ட வேண்டும். பொறுப்பாளர் போய் அனுப்பிவைப்பார். அனுப்பப்பட்டவர் அன்று முழுக்க உள்ளே வரக் கூடாது. அப்படியொரு விதி வேண்டுமென்று சங்கக் கூட்டத்தில் மேஜையைத் தட்டி வாங்கியவரே சீருடை சார்தான். ஆகவே ஆட்டத்தை நிறுத்தினார், காட்டினார். பொறுப்பாளர் அம்மாள், சங்கிலி போட்ட மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தபடி மேலே ஏறிப் போய் அப்பாவை அனுப்பிவைத்தார். போகும்போது அந்த அப்பா தன் சட்டையை வேண்டுமென்றே தொப்புளுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒல்லியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பாட்டி அவனுக்குத் தண்ணீர்ப் பாட்டில்கூட நீட்டினாள். சீருடை சாருக்கு இன்னும் புகைந்தது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி ஓடி வந்தாள். தலை கலைந்திருந்தது. கையில் ஒரு பை. அவரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயையோ! அந்தச் சட்டையைக் கழட்டுங்க! கிழிஞ்சுடும்!"

எவ்வளவு அக்கறை பாருங்கள்! கட்டின புருஷன் மூச்சு முட்டி நிற்கிறான், அவளுக்கு அடுத்தவன் சட்டை கிழிந்துவிடுமே என்று கவலை. அதோடு விட்டாளா? ஒல்லியைப் பார்த்துக் கையை விரித்தாள். 'இப்ப என்ன செய்யறது?' என்று அர்த்தம். ஒல்லி இரண்டு உள்ளங்கையையும் கீழே அமுக்கிக் காட்டினான். 'பொறுமையா இருங்க' என்று அர்த்தம். காலமெல்லாம் கைச்சாடை காட்டியே பிழைத்தவரிடமா இந்த விளையாட்டு?

"ஏங்க, இங்க வாங்க, உள்ள போய் மாத்துங்க! தயவுசெஞ்சு!" என்று அவள் கோட்டருகே வந்து கத்தினாள்.

சீருடை சார் நீளமாக விசில் ஊதினார். பந்து நின்றது, பிள்ளைகள் நின்றார்கள். தோள் வரை கையை நீட்டி மனைவியைச் சுட்டினார். அந்த நேரம் பார்த்து, அக்குளில் தொடங்கி இடுப்பு வரைக்கும், சட்டை சர்ரென்று கிழிந்தது.

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பொறுப்பாளர் அம்மாள் எழுந்து அவரருகே வந்தார்.

"சார், இவங்களையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யாரா இருந்தாலும் விதி விதிதான். அனுப்புங்க."

மனைவி அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. "விதிப்படி சரிதான். ஒழுங்கா ஆட்டத்தை நிறுத்திட்டுத்தான் அனுப்பறார்" என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு நடந்தாள். கதவருகே ஒரு தடவை திரும்பிக் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு எங்கேயோ குத்தியது. ஆனாலும் பொறாமை விடவில்லை.

ஆட்டம் எப்படியோ முடிந்தது. ஜெயித்தவர்கள் யாரென்றுகூட அவர் கவனிக்கவில்லை. அடுத்த ஆட்டம் ஒல்லிக்கும், யாரோ ஒரு புது நடுவருக்கும். ஒல்லி தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் வைத்து அவனைப் பிடித்தார்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

ஒல்லி தலையைக் குனிந்தான். "தெரிஞ்சுபோச்சாண்ணே? மழைக்காலத்துலேருந்து."

"எங்க?"

"இங்கதான். சாயங்காலம், ஆட்டம் இல்லாத நாள்ல."

"இங்கேயா! வெக்கமா இல்ல உனக்கு?"

"எனக்கென்னண்ணே வெக்கம்? அண்ணிக்குத்தான் முதல்ல கூச்சமா இருந்துச்சு. இப்ப என்னையே தூக்கிச் சாப்பிட்டுருவாங்க. நீங்க பெருமைதான் படணும்."

சீருடை சார் ஓங்கிய கை, கிழிந்த சட்டையில் சிக்கி நடுவழியில் நின்றது. அதற்குள் பொறுப்பாளர் அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அங்க ரெண்டு அணியும் காத்துக்கிட்டு நிக்குது, புது நடுவர் இல்லாம ஆட்டத்தை ஆரம்பிக்க முடியல."

"நேரத்துக்கு வராதவங்களை எல்லாம் எதுக்கு நடுவரா போடறீங்க?" என்று அவர்மீது பாய்ந்தார் சீருடை சார்.

பொறுப்பாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

"அவங்க நேரத்துக்கு வந்துட்டாங்க சார். வந்தவங்களை வெளிய அனுப்பினதும் நீங்கதான், அவங்க சட்டையைப் போட்டுக் கிழிச்சுக்கிட்டு நிக்கறதும் நீங்கதான்."