உச்சந்தலை ரசிகர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் சீக்கிரமே குடிவருவார். வீட்டு அறைகளைக் கூரையில் ஒட்டிய பல்லியின் கண்ணால் பார்த்துத்தான் படமெடுப்பேன் என்று சபதம் செய்த மனிதர். இந்த இனத்துக்கு முகம் என்றாலே ஆகாது. வகிடு, வழுக்கை, கழற்றிப் போட்ட செருப்பு, இவைதாம் அழகு.

எங்கள் மாடிவீட்டுக்காரர் அசல் வித்து. போனால் "வாங்க" என்ற குரல் பரண்மேலிருந்து வரும். காப்பியும் வரும், குடிக்கத்தான் முடியாது. "கப்பை நகர்த்தாதீங்க! காலை மடக்குங்க! மூச்சு விடாதீங்க!" சாப்பாட்டு மேசையில் மனைவி பரிமாறிவிட்டு நிற்பார், மாமனார் கைகழுவிவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருப்பார், இவரோ ஏணியின் உச்சிப்படியில் ஒற்றைக்காலில் தொங்கியபடி கிண்ணம் போதுமான அளவு வட்டமாக இல்லை என்று அலுத்துக்கொள்வார். இதற்கு மேல் எப்படி வட்டமாக இருப்பது, பாவம்?

போன மாதம் அவர் மனைவி, அந்த அம்மாள், கட்டில்மேல் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கினார். பரணில் இருந்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"போயேன். தலையை மட்டும் நிமிர்த்தாதே."

"திரும்பி வரமாட்டேன்."

"அந்தச் சிவப்புத் துணியை இடதுபக்கம் வை. ஆஹா!"

வைத்தார். பெட்டியை மூடினார். போய்விட்டார். கணவருக்கு விஷயம் எப்போது விளங்கியது? வயிறு பசித்தபோது.

தேடிப் போனாரா என்கிறீர்களா? நல்ல ஆள் நீங்கள். பெட்டி அடுக்கிய அந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு! கண்காட்சிக்கு ஊரே திரண்டது. அந்த அம்மாளும் அக்காவோடு வந்தார். படத்தையும் அவர் வகிட்டையும் மாறிமாறிப் பார்த்த ஒரு பெண் அவரிடம், "ஏங்க, இது நீங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கென்னங்க தெரியும்? முகமே தெரியலையே."

அப்போது நம்மவர் கூட்டத்தைப் படமெடுக்க ஒரு நாற்காலிமேல் ஏறியிருந்தார். "இந்த வகிட்டை எங்கேயோ பார்த்திருக்கேனே!" என்று கத்தினார். அந்த அம்மாள் நிமிர்ந்து, நேருக்கு நேராக அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வேறொருவர் என்றால் இறங்கிவந்து கையைப் பிடித்திருப்பார். இவர், "சே, நிமிர்ந்து கெடுத்துட்டியே!" என்றார்.

அந்த அம்மாள் இரண்டாம் முறையும் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: அந்தச் சிவப்புத் துணி வலதுபக்கம் இருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்குமோ என்று நீங்களும் ஒரு கணம் யோசித்தீர்கள்தானே?