பொன்னுதுரை அண்டு சன் சோடாக் கம்பெனி

தூத்துக்குடி
1946, நவம்பர் மாதம், வியாழக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான என் மகன் கிருபாநிதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். சோடா மிஷினும் இரண்டு நாளாகச் சுகம். கொழும்பில் உன் சுகத்தையும், அதைவிட முக்கியமாக உன் உத்தியோகத்தின் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவின் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். வாசித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. உன் அம்மா விசிறினாள். அப்படி ஒரு காரியம் செய்துவிடாதே. போர்டில் 'பொன்னுதுரை அண்டு சன்' என்று இருப்பது உன்னைக் கூப்பிடுவதற்காக அல்ல. போர்டு எழுதிய அய்யாக்குட்டி என் பெயரை முடித்துவிட்டு, "அண்ணாச்சி, பலகையில பாதி சும்மா கெடக்கு. மகன் இருக்கானா?" என்று கேட்டான். இருக்கான் என்றேன். அவ்வளவுதான் விஷயம்.

கம்பெனி என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது ஒரு மிஷின், நாலு பெட்டி பாட்டில், நான். முதல் வாரம், கேஸ் எவ்வளவு ஏற்றுவது என்று தெரியாமல், நிறைய ஏற்றினால் நல்ல பேர் வருமே என்று ஏற்றினேன். பாட்டில்கள் வெடித்தன. பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து, "சண்ட முடிஞ்சிட்டுன்னாங்களே, எவன்வே இன்னும் குண்டு போடுதான்?" என்று கத்தினார், நான் உள்ளேயிருந்து "நான்தான்" என்றேன். இரண்டாம் வாரம் கேஸ் சரியாகித் தண்ணீர் தப்பாகிவிட்டது. பக்கத்தில் இருக்கிறதே என்று கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். குடித்த முதல் ஆள் பாட்டிலைக் கீழே வைத்து, கடலைக் காட்டி, "இது எங்களுக்கு அங்கன சும்மாவே கெடைக்கே" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு வண்டியில் நல்ல தண்ணீர் வரவழைத்தேன். அதிலிருந்து சோடா சோடாவாகவே இருக்கிறது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது என் எட்டாம் வகுப்பு மூளை. சங்கு குளிக்கிறவர்கள் தினமும் தோணி ஏறுகிற கரை. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடக்கிறவனுக்குத் தாகம் எடுக்காமலா போகும் என்று அங்கேயே கடையைப் போட்டேன். காலையில் கூட்டமாக வருவார்கள், போர்டை மரியாதையாகப் பார்ப்பார்கள், தோணி ஏறிவிடுவார்கள். ஒருநாள் மரியான் என்கிற குளிகாரனை மறித்து ஒரு பாட்டிலை நீட்டினேன், காசு வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். அவன் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தான்.

"அண்ணாச்சி, வெறும் வயித்தோடல்லா நாங்க முங்கணும். இதக் குடிச்சா, கல்லக் கட்டி எறக்குனாலும் வயித்துக் காத்து மேல தூக்கிரும். சங்குக்குப் பதிலா நான் மெதப்பேன்."

"சரி, சாயங்காலம் வா."

சாயங்காலம் வந்தான். "பல்லு தந்தியடிக்கி, இப்பம் போயி பச்சத் தண்ணியில காத்த அடச்சு நீட்டுதியளே. சுக்குக் காப்பி இருக்கா?"

"அப்பம் எப்பந்தான்டே குடிப்பிய?"

"ஞாயித்துக்கெழம. அன்னைக்கு நாங்க கடலுக்குப் போவ மாட்டோம். பூச முடிஞ்சு, வெள்ளச் சட்டையோட அத்தன பேரும் இங்கனதான் சுத்திக்கிட்டுக் கெடக்கோம். நீங்கதான் பூட்டிட்டுப் போயிருதிய!"

எப்படித் திறப்பேன்? நாசரேத்துச் சபைக்காரன் ஓய்வுநாளில் சோடா விற்றான் என்று நம் உபதேசியார் காதில் விழுந்தால், அடுத்த பிரசங்கம் முழுக்க என்னைப் பற்றித்தான். ஆக நான் நடத்துகிற தொழில் இதுதான்: யாரும் குடிக்க முடியாத ஆறு நாளும் கடையைத் திறந்து வைக்கிறேன், எல்லோரும் குடிக்கிற ஒரு நாள் பூட்டிவிட்டு, வியாபாரம் பெருக வேண்டுமென்று கோயிலில் முழங்கால் போடுகிறேன். கர்த்தரும் என்னதான் செய்வார்?

ஆகையால் கிருபா, இந்தக் கம்பெனியில் இரண்டாவது ஆளுக்கு வேலை இல்லை. முதல் ஆளுக்கே இல்லை. கிறிஸ்துமஸ் வரை பார்த்துவிட்டு மிஷினை யாருக்காவது தள்ளிவிடலாம் என்றிருக்கிறேன். அதுவரை இந்த வீட்டு அடுப்பு எரிவது உன் உத்தியோகத்தால்தான். உன் துரை திட்டினால் தலையாட்டு. திட்டாவிட்டாலும் ஆட்டிவை. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்; கொழும்பிலேயே வைத்துக் காக்கட்டும். அம்மா முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
பொன்னுதுரை

பி.கு.: வெள்ளிக்கிழமை இதைத் தபாலில் போட மறந்துவிட்டேன். சனிக்கிழமை நீயே பெட்டியோடு வந்து நிற்கிறாய். வேலையை விட்டாயிற்றாம். உன் அம்மா கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு முட்டைக் குழம்பு வைத்தாள். நீ சாப்பிட்டுக்கொண்டே கடிதத்தை வாசித்துவிட்டு, "சரிப்பா, நாளைக்கு நீங்களும் அம்மாவும் கோயிலுக்குப் போங்க. சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றாய்.

"ஏலே, உபதேசியார் கேட்டா?"

"மகன் கொழும்புல கெட்டுப்போயி வந்துருக்கான்னு சொல்லுங்க."

இதுவரை உனக்குத் தெரியும். இனி வருவதுதான் புதுச் செய்தி. இன்று காலை பிரசங்கம் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. கடற்கரைப் பக்கத்து ஜன்னல் வழியாக, பாட்டிலுக்குள் கோலி இறங்குகிற 'டப்' சத்தம்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. எண்ணக் கூடாது என்று கண்ணை மூடினேன். மூடினால் இன்னும் நன்றாக எண்ண முடிந்தது. பாதிப் பிரசங்கத்தில் கணக்குத் தப்பிவிட்டது. வெளியே வரும்போது உபதேசியார் என்னை நிறுத்தி, "பொன்னுதுரை, அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

நீ சொல்லிக்கொடுத்தது எதுவும் வாயில் வரவில்லை. "மகன் ஊருக்கு வந்திருக்கான், ஐயா" என்றேன்.