பெரியம்மா காதில் விழுந்த பார்ட்டிஷன்

எங்கள் கூட்டுக் குடும்பத்தை உடைக்கப் பார்த்தவள் என்று வலியசாலைத் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் மறுத்து என்ன பிரயோஜனம்? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். தப்பு என்னுடையது இல்லை, பெரியம்மாவின் காதுடையது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்திருந்தேன். தைக்காட்டில் ஒரு மாடியறையில் இயங்கிய சின்னக் கம்பெனியில் ஒரே ஒரு வேலை காலி. லினக்ஸ் போட்ட சொந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை வரவேண்டும், அதில் நாமே எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்டவேண்டும் என்று நிபந்தனை. அப்பாவும் தன் பங்குக்கு ஒன்று போட்டார். "இது கிடைக்கலைன்னா மறுபேச்சு கூடாது. பி.எட். சேர்ந்துடணும்." சாக்பீஸும் கையுமாக நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். பாவம், அந்தப் பிள்ளைகள். எனக்கு இந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

சொந்த மெஷின் என்று என்னிடம் இருந்தது, பெங்களூரில் அண்ணன் ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு லேப்டாப். அம்மிக்கல் கனம். பாட்டரி செத்துப்போய், பிளக்கில் சொருகியிருக்கும்வரைதான் அதற்கு உயிர். சி.டி. டிரைவைத் தட்டிக்கொடுத்தால்தான் சுழலும். லினக்ஸ் போடப்போகிறேன் என்றதும் அண்ணன் போனில் சிரித்தான். "அந்த மாடலுக்கு ஒண்ணும் சப்போர்ட் கிடையாதுடி. ஆக்ரிக்காரன் வந்தா தூக்கிப் போடு." (ஆக்ரி என்றால் எங்கள் ஊரில் பழைய சாமான்.) முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிடும். அன்றைக்கு அதில் தோசையே வார்த்திருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் ஹாலில் கடையை விரித்தேன். வீட்டின் ஒரே டெலிபோன் அங்கேதான் இருந்தது. பட்டம் என்ற பேட்டையில் இருந்த என் சிநேகிதி பிந்து போனில் வழி சொன்னாள். அவளுக்கும் அதே திங்கட்கிழமை, அதே இண்டர்வியூ. இருந்தும் சொல்லிக்கொடுத்தாள், நல்ல மனசு. லைனில் ஒரே இரைச்சல், அதனால் கத்திப் பேசினேன். (எனக்கு எப்போதுமே மெதுவாகப் பேச வராது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.)

லினக்ஸ் போடுவதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்கைப் பாகம் பாகமாகப் பிரிக்கவேண்டும். அதற்குப் பெயர் பார்ட்டிஷன், அதில் நம் ஃபைல்களுக்கான பாகம் ஹோம். எங்கள் தெருவில் அண்ணன் தம்பி வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டால் அதற்கும் பெயர் பார்ட்டிஷன்தான். அப்பாவும் பெரியப்பாவும் முப்பது வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். எனக்கு இது தோன்றவே இல்லை.

"பார்ட்டிஷன் பண்ணியாச்சு பிந்து! மூணாப் பிரிச்சாச்சு! பழசு ஒண்ணு விடாம அழிச்சாச்சு! ஹோம்தான் பெரிசு, அது முழுக்க எனக்கு! அப்பாவே வந்தாலும் உள்ளே நுழைய முடியாது! ஓனர் பேரை அப்புறமா மாத்திக்கறேன்!" (பேசியது ஊர்ப் பாஷையான மலையாளத்தில். பெரியம்மாவுக்கு அதுவும் தமிழும் ஒன்றுதான்.)

சமையலறையில் சேனை நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா, கத்தியைப் போட்டுவிட்டுப் பெரியப்பாவிடம் ஓடினாள்.

"கேட்டேளா? வீட்டை மூணாப் பிரிச்சாச்சாம்! பேரையும் மாத்தப்போறாளாம்! உங்க தம்பி பொண்ணு போன்ல யார்கிட்டயோ பறஞ்சிண்டிருக்கா!"

பெரியப்பா ஆடிட் ஆபீசில் ரிடையர் ஆனவர். எழுத்தில் காட்டாமல் எதையும் நம்பாதவர், அன்றைக்குப் பார்த்து கேட்டவுடனே நம்பிவிட்டார். தெருக்கோடியில் இருந்த மணி வக்கீலைக் கையோடு அழைத்துக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தார்.

அந்த நேரத்தில் லினக்ஸ் தொண்ணூற்றொரு சதவீதம் ஏறியிருந்தது. நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வக்கீலுக்கு வியர்த்தது. மனிதர் மூலையில் இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தார். ஹாலின் ஒரே பிளக் பாயிண்டில் என்னமோ சொருகியிருக்கிறதே என்று அதைப் பிடுங்கினார், ஃபேனைச் சொருகினார், காற்று வாங்கினார். என் திரை அணைந்தது.

"ஐயோ, என் பார்ட்டிஷன் போச்சே!" என்று அலறினேன்.

"பார்த்தீரா ஓய், அவ வாயாலேயே வந்துடுத்து" என்றார் பெரியப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏண்டி ராஜி, உங்கப்பன் நேரா வந்து கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? கொழந்தையை விட்டா பாகம் கேக்கணும்?"

"வீடு யாருக்கு வேணும்?" என்று கத்தினேன். "எனக்கு இந்தப் பொட்டிதான் வேணும்! இதுக்குள்ளதான் பாகம் பிரிச்சேன்! அதையும் இவர் பிடுங்கிட்டார்!"

காய்கறிப் பையோடு சாலைக் கடைத்தெருவிலிருந்து திரும்பிய அப்பா, கதவருகே நின்று முழித்தார். அவருக்கும் சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். வக்கீல் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ இதுக்கு வாரிசு யாரு?" என்றார். அப்பா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. "அப்போ நீ கேக்கலையாடா? நெஜமாவே கேக்கலையா?" என்று அப்பாவை மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மனசு என்னவோ செய்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஃபேனைப் பிடுங்கிவிட்டு என் பிளக்கைச் சொருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெரியப்பா பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார், பெரியம்மாவைக்கூட அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. சாயங்காலம் லினக்ஸ் எழுந்தது. ஆனால் படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, மவுஸ் அசையவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் பெரியம்மா.

"இவ்வளவுதான்!" என்றேன். இதற்குமேல் யாராவது பேசியிருந்தால் கடித்திருப்பேன்.

திங்கட்கிழமை தைக்காட்டு மாடிப்படியில் அம்மிக்கல்லைச் சுமந்துகொண்டு ஏறினேன். கண்ணாடி போட்ட சார் ஒருவர் திரையைப் பார்த்தார்.

"கிராஃபிக்ஸ் உண்டோ?"

"இல்ல சார்."

"சவுண்ட்?"

"இல்ல."

"மவுஸ்?"

"இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்புறம் என்னதான் இருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். "பின்னே எந்தா உள்ளது?"

இரண்டு நாள் கோபம் முழுவதும் தொண்டைக்கு வந்தது. "ஞான் உண்டு, சார்!" என்றேன். நான் இருக்கிறேன், அது போதாதா என்ற தோரணையில். சொன்ன பிறகுதான் பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அறையே சிரித்தது. பிந்து துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிழக்கேகோட்டையிலிருந்து எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லும் என் புரோகிராம் ஒரு பிழை இல்லாமல் ஓடியது. சாரும் பார்த்துத் தலையாட்டினார். வேலையைப் பிந்துவுக்குக் கொடுத்தார்.

அப்பா சொன்னபடி பி.எட். விண்ணப்பத்தை வாங்கி வந்தார். பெரியப்பா அதைப் பிடுங்கி மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அவளை விடுடா. நான் காவல் இருந்த மெஷின் அது. ஓடித்தா இல்லையா?" அப்பா தன் அண்ணன் பேச்சைத் தட்டியதில்லை. ஒரு வருஷம் அந்தக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டி, வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றுவரை நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களுக்குப் படம் கிடையாது, சத்தம் கிடையாது, மவுஸ் கிடையாது. எவரும் வந்து குறை சொன்னதில்லை. (அண்ணா, படிக்கிறாயா?)

ஆனால் வீட்டில் விட்டார்களா? கரண்ட் போனாலும், பால் திரிந்தாலும், காஸ் தீர்ந்தாலும், "பின்னே எந்தா உள்ளது?" என்று ஒருவர் ஆரம்பிப்பார், மொத்த வீடும் "ஞான் உண்டு சார்!" என்று கத்தும். முதல் குரல் எப்போதும் பெரியம்மாவுடையது.

போன மாதம் பெரியப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசு டாக்டர், வரிசையாகக் கேட்டாள். பல் உண்டோ? இல்லை. உறக்கம் உண்டோ? இல்லை. விசப்பு, அதாவது பசி? அதுவும் இல்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பின்னே எந்தா உள்ளது, சாமீ?" என்று சிரித்தாள்.

பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஞான் உண்டு" என்றார்.