அவரவர் நம்பர்

அயர்ன்காரர் கையில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு இருந்தது.

"இது என் லாக்கர்ல இருந்துச்சு, ஸ்டோர் அண்ணே. என் ஷூவைக் காணோம்."

ஸ்டோர்கீப்பருக்கு முகம் கறுத்தது. தையல் கம்பெனி லாக்கர்களுக்கு நம்பர் பூட்டுப் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. பூட்டே இல்லாத காலத்தில்கூட இப்படி நடந்ததில்லை.

"நம்பரை யார்கிட்டயாவது உளறினியா?"

"பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

ஏற்பாடு ஸ்டோர்கீப்பருடையது. ஆளாளுக்குப் பிறந்த வருஷத்தை வைத்தால் குழந்தைகூடத் திறந்துவிடும் என்று, எப்போதோ படித்த ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். ஏதாவது நாலு இலக்கம் நினைத்துக்கொள். நாலும் ஒன்றாக இருக்கக் கூடாது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு. அதையே திருப்பிப் போட்டுக் கழி. வரும் விடையையும் அப்படியே அடுக்கி, மறுபடி மறுபடி கழி. எந்த விடை அதற்கு மேல் மாறாமல் நிற்கிறதோ, அதுதான் உன் நம்பர்.

அந்தக் கணக்கில் அவருக்குப் பாதிதான் ஞாபகம். பாதியே போதும் என்று விட்டுவிட்டார்.

ஒவ்வொருவராக மூலையில் திரும்பி நின்று கழித்தார்கள். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் கட்டிங் மாஸ்டர் வந்தார். "என் சாப்பாட்டை எவனோ தின்னுட்டான். டப்பாவைக் கழுவி வேற வச்சிருக்கான்."

"கழுவி வச்சானா? பழம்பெருச்சாளியா இருப்பான் போல."

பக்கத்தில் அயர்ன்காரர் ஏப்பம் விட்டார். "என்னமோ, இன்னைக்கு என் பொண்டாட்டி சமையல்ல ஒரு ருசி."

"எல்லாரும் வேற இலக்கம் நினைச்சு முதல்லேர்ந்து கழிங்க," என்றார் ஸ்டோர்கீப்பர்.

கழித்தார்கள். பட்டன் தைக்கிற அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். "அண்ணே, எனக்கு மறுபடியும் அதே..."

"வாயைத் திறக்காதே. நம்பரைப் பத்தி ஒரு வார்த்தை வெளியே வரக் கூடாது."

மறுநாள் இரண்டு பேர் பை மாறியது. திருடனுக்கு எது யார் லாக்கர் என்று தெரிவதால்தானே இந்த வம்பு? ஸ்டோர்கீப்பர் கத்தியை எடுத்து லாக்கர்களில் இருந்த பெயர்ச் சீட்டையெல்லாம் சுரண்டினார். எல்லாம் ஒரே சாம்பல் நிறப் பெட்டியாக நின்றன.

அதற்கடுத்த நாள் யார் பொருளும் அவரவரிடம் இல்லை. ஸ்டோர்கீப்பருடைய லாக்கர் மட்டும் ஸ்டோர் ரூமுக்குள் இருந்ததால் தப்பித்தது.

மேனேஜர் எல்லாரையும் கூட்டினார்.

"நம்பர் வைக்கச் சொல்லிக்கொடுத்தது நீ. ஊர்ப்பட்ட பேர் சாமான் மாறுது, உன் சாமான் மட்டும் அப்படியே இருக்கு. இப்ப பதில் சொல்லு. இல்லேன்னா நாளைலேர்ந்து வேற வேலை பார்த்துக்கோ."

இருபது வருஷ வேலை. ஸ்டோர்கீப்பர் முன்னால் வந்தார்.

"நான் யார் நம்பரையும் பார்த்தது கிடையாது, சார். என்கிட்ட மறைக்கவும் ஒண்ணுமில்ல. என் லாக்கரைத் திறந்து சோதிச்சுக்குங்க." மூச்சை இழுத்துக்கொண்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "ஆறு, ஒண்ணு, ஏழு, நாலு."

மொத்தக் கூட்டமும் தன்னுடையது என்று நினைத்த லாக்கரை நோக்கி ஓடியது. மேனேஜர் நம்பர் பூட்டுப் போட்ட தன் அறை அலமாரியை நோக்கி ஓடினார்.

பட்டன் தைக்கிற அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவரு சொன்னது என் நம்பரை. நீங்கள்லாம் எதுக்கு ஓடுறீங்க?"